கருவாட்டுக்கார ஆச்சி கேட்ட ரசீது

சாத்தான்குளத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே தேரிக்காடும் பனையும்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகாது. திருச்செந்தூர் வட்டாரத்து மளிகைக் கடைக்காரர்களில் பலருக்கு அங்கே கொண்டான் கொடுத்தான் உண்டு. எனக்கும் மனைவி வழியில் உண்டு. அதனால் 2020 ஜூன் 23 காலையில் அந்தச் செய்தி எனக்கு டிவியில் வரவில்லை. மைத்துனன்தான் ஃபோன் செய்தான். "அத்தான், மகன் ராத்திரியே போயிட்டான். இப்போ அப்பாவும் போயிட்டாராம்" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. கோவில்பட்டிக்குக் கொண்டுபோன அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் கடைத்தெருவே பேசிக்கொண்டிருந்தது.

ஜூன் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம். காமராஜர் சிலைக்குப் பக்கத்தில், மகனுடைய செல்போன் கடையருகே நின்ற ஜெயராஜைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்ன ஏது என்று கேட்கப் போன மகன் பென்னிக்ஸும் திரும்பவில்லை. கொரோனா ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள், கலைந்து போகச் சொன்னதற்குத் திட்டிவிட்டுத் தரையில் உருண்டார்கள், அதில் ஊமைக்காயம் பட்டது என்று முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தபோது லுங்கியை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ரத்தம் நிற்கவில்லை என்று வெளியே நின்ற உறவுக்காரர்கள் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். விடிந்ததும் தகப்பன்.

கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். ஷட்டரை இறக்குவதில் ஐந்து பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆவது எங்கள் பிழைப்பில் தினமும் நடக்கிற காரியம். கடைசி நேரத்தில் ஒரு கைப்பிள்ளைக்காரி பால்மாவு கேட்டு வருவாள். கொடுக்காமல் எப்படி இறக்குவது? அந்தப் பத்து நிமிஷத்துக்கு இரண்டு உயிர் என்றால், நேற்று என் கடை வாசலிலும் அது நடந்திருக்கலாம். வணிகர் சங்கங்கள் மாநிலம் முழுக்கக் கடையடைப்பு நடத்தின. நாங்களும் அடைத்தோம். அதற்கப்புறமும் வெகுநாள் வரைக்கும் இருட்டுவதற்கு முன்னாலேயே எங்கள் தெருவில் ஷட்டர்கள் இறங்கிவிடும். என் மனைவி வாசலில் வந்து நின்று, நான் பூட்டுகிற வரைக்கும் உள்ளே போக மாட்டாள்.

முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்ததைப் பொய் என்று காட்டியது பக்கத்துக் கடையின் கேமரா. அதில் கூட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. கூப்பிட்டதும் அந்தப் பெரியவர் தன்பாட்டில் வண்டியை நோக்கி நடந்து போகிறார். கடைக்குக் கடை கேமரா வையுங்கள், திருடனைப் பிடிக்க வசதியாக இருக்கும் என்று எங்களை வருஷக்கணக்காக வற்புறுத்தியவர்களே போலீஸ்காரர்கள்தான். எங்கள் சங்கத்தில் பணம் பிரித்து வைத்தோம். அது எதற்கெல்லாம் சாட்சியாக நிற்கும் என்பது அந்த வாரம்தான் எங்களுக்கு உறைத்தது.

அந்த நாட்களில் இன்னொரு பேச்சும் ஓங்கி எழுந்தது. ராத்திரி ஸ்டேஷனுக்குள் 'போலீஸ் நண்பர்கள்' என்ற தன்னார்வலர் குழுப் பையன்களும் இருந்தார்கள், அவர்களும் அடித்தார்கள் என்றார்கள். இயக்கத்தை நடத்தியவர்கள் அந்தப் பையன்கள் தங்கள் ஆட்களே இல்லை என்று மறுத்தார்கள். ஜூலையில் அரசாங்கம் மாநிலம் முழுவதும் 'ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பையே தடை செய்துவிட்டது. தடை வந்ததும் தெருவில் பலரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு கனத்தது, ஏனென்றால் அந்த அமைப்பு பிறந்த ஊர்க்காரன் நான்.

என் பூர்வீகம் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம். கல்யாணம் முடித்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எங்கள் கடற்கரை ஊர்களில் கியூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் என்ற பேச்சு எந்நேரமும் காதில் விழும். யார் வீட்டுத் திண்ணையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் கேள்வி வரும். கடலுக்குப் போகிறவன் போலீஸைக் கண்டால் ஒதுங்குவான், போலீஸ்காரர் கடலுக்குப் போகிறவனைக் கண்டால் முறைப்பார். அப்போது மாவட்ட எஸ்.பி.யாக இருந்தவர் பிரதீப் வி. பிலிப். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது அங்கே பணியில் நின்று காயப்பட்டவர். குண்டின் இரும்புத் துகள் இன்னும் அவர் உடம்புக்குள் இருக்கிறது என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். அவர் 1993இல் ஆரம்பித்ததுதான் அந்த இயக்கம். குற்ற வழக்கு எதுவும் இல்லாத யார் வேண்டுமானாலும், ஆணோ பெண்ணோ, சேரலாம். மீசை முளைத்து ரொம்ப நாள் ஆகாத நானும் சேர்ந்தேன்.

எனக்கு வாய்த்த ஏட்டையா கண்டிப்பானவர். முதல் நாள் ரோந்துக்குப் போகையில் நான் வீட்டிலிருந்து ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு போனேன். அதை வாங்கி ஸ்டேஷன் சுவரில் சாத்திவிட்டு என் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்தார். "தம்பி, நீ போலீஸ் இல்ல. ஊர்க்காரன். ஊர்க்காரனாவே என்கூட நட. உன்னப் பாத்தா சனம் கதவத் திறக்கணும்" என்றார். பீட் முழுக்க நடந்து, கோயில் மதிலிலும் பள்ளிவாசல் முக்கிலும் தொங்கும் நோட்டில் அவர் மணி எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் லைட் அடித்துப் பிடிப்பேன். வழியில் யாராவது திண்ணையில் முழித்துக்கொண்டு கிடந்தால் நின்று பேசுவார். என்ன வலை, என்ன பாடு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பார். மெல்ல மெல்ல, ஸ்டேஷன் பக்கமே போகாத கிழவிகள்கூட என்னிடம் சொல்லி அவரிடம் சேதி அனுப்ப ஆரம்பித்தார்கள். என் வேலை அவ்வளவுதான். அது சின்ன வேலை இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிற்பாடு அந்த இயக்கம் மாநிலம் முழுக்கப் பரவியது, வெளிநாட்டு விருதெல்லாம் கிடைத்தது.

இந்தப் பக்கத்து ஊரடங்கில் நான் பார்த்தது வேறு. ஊர் பெயரைச் சொல்ல வேண்டாம். சந்தை முக்கில் தன்னார்வலர் என்று நிறுத்தப்பட்ட பையன்கள் கையில் லத்தி இருந்தது. கறிவேப்பிலை வாங்கப் போன கிழவரின் சைக்கிளை உருட்டிவிட்டார்கள். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்த பெண்ணை வாடீ போடீ என்றார்கள். அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், யார் பொறுப்பு, எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஊர்க்காரன் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டவன் கையில் டார்ச்சுக்குப் பதில் லத்தியைக் கொடுத்தால், அவன் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே இன்னொரு சுவராகத்தான் நிற்பான். அந்தச் சுவர் இடிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஏட்டையா கட்டிய வாசலும் சேர்ந்து இடிந்ததே என்றுதான் வருத்தம்.

சாத்தான்குளம் வழக்கை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் அடுத்தடுத்து உத்தரவு போட்டார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசனுக்கு ஸ்டேஷனுக்குள் என்ன மரியாதை கிடைத்தது என்பதை அவரே அறிக்கையாக எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பினார். பதிவேடுகளைக் கேட்டால் கொடுக்கவில்லை, ஒரு காவலர் அவரைப் பார்த்தே ஏளனமாகப் பேசினார், கேமராவில் பதிவானது அன்றன்றைக்கே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கக் கோர்ட் உத்தரவிட்டது. தாசில்தார் கையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்! எங்கள் காலத்தில் கேள்விப்படாத காரியம் அது.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் திரும்பத் திரும்பப் பேசியது தலைமைக் காவலர் ரேவதியைப் பற்றித்தான். அன்று இரவு அதே ஸ்டேஷனில் பணியில் இருந்தவர். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர். வெளியே சக போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் தாய். பயந்து நடுங்கிக்கொண்டே சொன்னார், கையெழுத்தும் போட்டார். மாவட்டத்தில் ஊர் ஊராகச் சமாதானக் கூட்டம் நடத்தினாலும் மீளாத மதிப்பைக் காக்கிக்கு அந்தப் பெண் ஒருத்தி மீட்டுக் கொடுத்தார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். "அதே உடுப்பத்தான போட்டிருந்தா, அவளும்" என்று என் மனைவி சொன்னாள்.

ஜூலை 1 இரவு அந்த ஸ்டேஷன் போலீஸ்காரர்களின் கைதுகள் ஆரம்பமானபோது சாத்தான்குளத்தில் வெடி போட்டார்கள். எங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு சத்தம் கேட்டது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் ஒரு போலீஸ்காரர் அந்த வாரத்திலிருந்து வரவில்லை. அவர் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு வந்து சாமான் வாங்கிப் போனாள். பிள்ளையை மற்ற பிள்ளைகள் விளையாடச் சேர்க்கவில்லை என்றாள். அந்த மனிதர் பல மாதமாக ஒரு நாள் விடுப்பு இல்லாமல் கொரோனா பந்தோபஸ்தில் நின்றவர். லீவு கேட்டால் திட்டு, கேட்காவிட்டால் வீட்டில் சண்டை. அப்படித் தேய்ந்து போனவர் கையில் லத்தி இருந்தால் அது கடைசியில் யார் முதுகில் இறங்கும்? இதையும் சேர்த்துப் பேசாமல் போலீஸைத் திருத்துவதைப் பற்றிப் பேச முடியாது. காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021இல் அரசு அறிவித்தபோது, சட்டசபையில் போட்ட மற்ற அறிவிப்புகளைவிட இதற்குத்தான் நான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அது எல்லா ஸ்டேஷனிலும் சரியாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொற்று கொஞ்சம் அடங்கியதும் போலீஸ் அதிகாரிகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்தில் நடந்தது. இடைவெளி விட்டு நாற்காலி, வாசலில் கை கழுவத் தண்ணீர். மேடையில் இருந்தவர்கள் நன்றாகவே பேசினார்கள். 'காவல்துறை உங்கள் நண்பன்' என்ற பேனர் பின்னால் தொங்கியது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது ஒரு சத்தமும் இல்லை. வணிகர் சங்கத் தலைவரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையில் இருந்து கருவாட்டுக்கார ஆச்சி எழுந்தாள். எங்கள் கடை வாசலில் கூடை இறக்கி விற்கிறவள். "ஐயா, நல்லா பேசுதிய. எங்க வீட்டுக் கிடா களவு போயி மூணு தடவ ஸ்டேசன் படி ஏறினேன். மனுவ வாங்கி வச்சுக்கிட்டாவ. ரசீது தரல. நாளைக்கி வா நாளைக்கி வான்னாவ. எனக்கு நண்பன் வேண்டாம்யா. ரசீது தாங்க" என்றாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை. பதில் வருகிற வரைக்கும் நின்றாள்.

மண்டபத்தில் முதலில் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினோம். மேடையில் இருந்த அதிகாரிக்கு முகம் சிவந்தாலும் நிதானமாகப் பதில் சொன்னார். "நாளைக் காலைல பத்து மணிக்கு வாங்கம்மா. ரசீது கையில கொடுத்துட்டுத்தான் அனுப்புவோம்."

துணைக்கு நானும் போனேன். புதிதாக வந்திருந்த பெண் எஸ்.ஐ. ஆச்சியை பெஞ்சில் உட்கார வைத்தார். எழுத்தரைக் கூப்பிடாமல் தானே எழுதினார். கிடாவின் நிறம், காதில் அறுத்த அடையாளம், கட்டியிருந்த இடம், கடைசியாகப் பார்த்த நேரம். எழுதி முடித்ததும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார். "சாயங்காலம்னு போட்டிருக்கிய. அது விளக்கு வச்சதுக்கப்புறம்" என்றாள் ஆச்சி. எஸ்.ஐ. அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் கைநாட்டு வாங்கினார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நம்பர் போட்ட சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். ஆச்சி அதை மடித்து சுருக்குப் பைக்குள், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள்.

கிடா கிடைக்கவில்லை. ஆனால் அந்த ரசீதை அவள் காட்டாத ஆள் இல்லை. அடுத்தடுத்த மாதங்களில் அவள் தெருவிலிருந்து, அதுவரைக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் மட்டுமே முறையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஸ்டேஷனுக்குப் போனார்கள். புருஷனிடம் அடி வாங்கியே பல்லுப் போன ஒருத்தி, கந்துவட்டிக்காரன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போன ஒருத்தி. அவர்களை யாரும் கூட்டம் போட்டு அழைக்கவில்லை. படியேறினால் ஒரு காகிதமாவது கையில் வரும் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2013இல், லலிதா குமாரி வழக்கில் சொன்னது. எங்கள் ஊரில் அதைப் படித்தவர்கள் சொற்பம். ஆச்சியின் ரசீதைப் பார்த்தவர்கள் நிறைய.

அந்த எஸ்.ஐ. மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் கெட்டவர் இல்லை, ஆனால் ரசீது மறுபடி நாளைக்கு ஆனது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல அதிகாரி வந்தால் ஸ்டேஷன் நல்ல ஸ்டேஷன், அவர் பெட்டி கட்டினால் பழைய ஸ்டேஷன் என்றால், ஊர் அந்த மனிதரை நம்பியது என்றுதான் அர்த்தம், போலீஸை நம்பியது என்று இல்லை. என் ஏட்டையாவும் அப்படித்தான். அவர் ஓய்வு பெற்றதும் எங்கள் ஊரில் அந்த ரோந்தும் ஓய்ந்தது. ஆள் மாறினாலும் மாறாதபடி எழுத்தில், பதிவேட்டில், கேள்வி கேட்கிற ஊர்க்காரர்களிடத்தில் அது நிற்க வேண்டும். ஆகவே நாங்கள் சங்கத்தின் சார்பில் ஸ்டேஷனோடு மாதம் ஒரு கூட்டம் கேட்டு வாங்கினோம். வாங்கிய மனு எத்தனை, கொடுத்த ரசீது எத்தனை என்று அதில் கேட்போம். கடைத்தெருவுக்குக் கூடுதலாகக் கேமரா வைக்கப் போலீஸ்காரர்கள் பணம் கேட்டார்கள். தருகிறோம், உங்கள் ஸ்டேஷன் கேமரா ஓடுகிறதா என்பதையும் எங்களுக்குக் காட்டுங்கள் என்றோம். 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷனிலும் வாசல், வராந்தா, லாக்கப் என்று மூலை விடாமல் கேமரா வைக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம் வரைக்கும் பதிவு இருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டுதான் போனோம். காட்டினார்கள். லாக்கப் பக்கத்துக் கேமரா வேலை செய்யவில்லை. இரண்டு கூட்டம் விடாமல் கேட்ட பிறகு சரி செய்தார்கள்.

இதெல்லாம் வேரூன்றி வருகிறது என்று நினைத்திருந்தபோது 2025 ஜூன் 28 வந்தது. திருப்புவனம் பக்கம் மடப்புரம் காளி கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் இறந்தார். நகை காணாமல் போன புகாரில் தனிப்படை அழைத்துப் போனது. சீருடை இல்லை. அடித்த இடம் கேமரா இருக்கும் ஸ்டேஷன் இல்லை, கோயிலுக்குப் பின்புறம். உடற்கூறாய்வில் 44 காயம் என்று கோர்ட்டில் வந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக ஒருவர் செல்போனில் எடுத்த படம் இல்லாவிட்டால் அதுவும் ஊமைக்காயமாக முடிந்திருக்கும். முறையான உத்தரவில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவிட்டார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அன்று ராத்திரி என் மனைவி மறுபடியும் வாசலில் வந்து நின்றாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்தார்கள். வாக்குவாதம் சூடாகத்தான் நடந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்ற விவரங்களை ஸ்டேஷனில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. எங்கள் சங்க வக்கீல் அதை வாசித்துக் காட்டினார். ஆனால் அஜித்குமாரைக் கொண்டுபோனது 'விசாரணைக்கு'. ஜெயராஜையும் முதலில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விசாரணைக்கு என்று அழைத்துப் போகிறவர் பெயர் எந்தப் பலகையிலும் வராது. அந்தச் சில மணி நேரத்தில்தான் உயிர் போகிறது. ஆகவே நாங்கள் எழுதிக் கொடுத்தது இது: விசாரணைக்கு யாரை அழைத்து வந்தாலும், வந்த நேரம், அழைத்து வந்தவரின் பெயர், எண், திரும்பிப் போன நேரம் எல்லாவற்றையும் வாசல் பதிவேட்டில் எழுத வேண்டும், வீட்டாருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃபோன் செய்ய வேண்டும், சீருடை இல்லாமல் யார் வந்து கூப்பிட்டாலும் ஸ்டேஷன் நம்பருக்கு அடித்துக் கேட்டால் ஆமாம் இல்லை என்று பதில் தர வேண்டும்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் படித்தார். ஃபோன் செய்வதை நாளைக்கே ஆரம்பிக்கலாம், பதிவேட்டுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். மனுவை மேலே அனுப்பியிருக்கிறார். ஃபோன் வருகிறது. சென்ற வாரம்கூட, ஒரு பையனை நிறுத்திவைத்து விசாரித்தபோது அவன் தாய்க்கு உடனே சொல்லியிருக்கிறார்கள், அவள் போய்க் கூடவே உட்கார்ந்து கூட்டி வந்தாள். பதிவேட்டுக்கு இன்னும் பதில் இல்லை. ரசீது எங்கள் கையில் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுதான். கருவாட்டுக்கார ஆச்சி தானே எழுந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.